கம்பி வேலிக்கு அப்பால்: உயிரியல் பூங்கா விலங்குகளைப் படமெடுப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் பூங்காவில் எடுத்த முதல் படங்களைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது பலருக்கும் ஒரே ஏமாற்றம்தான் காத்திருக்கிறது. கம்பியின் துருவும் முறுக்கும் துல்லியமாக விழுந்திருக்கும். அதற்குப் பின்னால் புலி ஒரு மஞ்சள் கறையாக நிற்கும். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. புதிதாகத் தொடங்குபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், பல ஆண்டுகளாக வேலிகளுக்கு முன்னால் நின்று நான் கண்டுகொண்ட விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். விலை உயர்ந்த கேமராவை விட, நிற்கும் இடமும் காத்திருக்கும் பொறுமையுமே வேலியை வெல்கின்றன என்பது விடைகளைப் படிக்கும்போது தெரியவரும்.

கம்பி வேலி படத்தில் தெரியாமல் போவது எப்படி? அது மென்பொருள் செய்யும் வேலையா?

இல்லை, அது லென்ஸின் இயல்பு. ஒரு தையல் நூலை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணுக்கு மிக அருகே கொண்டுவந்து, எதிர்ச்சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் படித்துப் பாருங்கள். நூல் இருக்கிறது என்பது தெரியும். ஆனால் எழுத்துகளைப் படிக்க அது தடையாக இருக்காது. நூலை விட உங்கள் கண்ணின் பாவை அகலமானது என்பதால், எழுத்திலிருந்து வரும் ஒளி நூலின் இருபுறமும் வந்து கண்ணுக்குள் நுழைந்துவிடுகிறது.

லென்ஸிலும் இதுவே நடக்கிறது. லென்ஸின் மேல் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் குவியத் தூரத்தை, திறப்பின் அளவைக் குறிக்கும் எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸை எஃப் 4 இல் வைத்தால் அந்த விட்டம் 50 மி.மீ.; அதையே எஃப் 16 இல் வைத்தால் வெறும் 12.5 மி.மீ. தொலைவில் படுத்திருக்கும் சிங்கத்தின் மூக்கு நுனியிலிருந்து வரும் ஒளி, அந்தத் துளை முழுவதையும் நிரப்பும் கற்றையாக வந்து சேர்கிறது. லென்ஸின் முகப்பை ஒட்டி 3 மி.மீ. தடிமனுள்ள கம்பி ஒன்று குறுக்கே நின்றால், 50 மி.மீ. துளையில் அது ஏறத்தாழ 8 விழுக்காடு ஒளியை மட்டுமே மறைக்கும். 12.5 மி.மீ. துளையிலோ அதே கம்பி 30 விழுக்காட்டை விழுங்கிவிடும். கம்பி லென்ஸை ஒட்டியிருக்கும்போது இந்த இழப்பு படம் முழுவதும் ஒரே அளவாகப் பரவுவதால், கண்ணுக்குக் கம்பியாகத் தெரியாமல், படம் சற்றே மங்கியதாக மட்டும் தெரியும். கம்பி லென்ஸை விட்டு விலக விலக, படத்தின் ஒவ்வொரு பகுதியும் வேலியின் வெவ்வேறு பகுதியின் வழியாகப் பார்க்கத் தொடங்குகிறது; அப்போதுதான் சாம்பல் நிறப் பட்டைகள் தலைகாட்டுகின்றன.

ஆகவே முதல் விதி, எஃப் எண்ணை உங்கள் லென்ஸ் அனுமதிக்கும் மிகச் சிறிய எண்ணில் வைப்பது. எஃப் எண்ணை நாம் முடிவு செய்ய, மற்றதைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் அபர்ச்சர் முன்னுரிமை முறையைத் தேர்ந்துகொண்டால், இதை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடலாம்.

வேலியிலிருந்து நானும் விலங்கும் எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும்?

நான் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. வேலியிலிருந்து விலங்குக்கு உள்ள தொலைவை, கேமராவிலிருந்து விலங்குக்கு உள்ள மொத்தத் தொலைவால் வகுத்து, அதை லென்ஸ் துளையின் விட்டத்தால் பெருக்குங்கள். வேலி நிற்கும் இடத்தில் உங்கள் துளைக்கு எஞ்சியிருக்கும் அகலம் அதுதான். எடுத்துக்காட்டாக, 300 மி.மீ. லென்ஸை எஃப் 5.6 இல் வைத்தால் துளை ஏறத்தாழ 54 மி.மீ. இருக்கும். நீங்கள் வேலியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள்; சிறுத்தை வேலிக்கு 6 மீட்டர் பின்னால் படுத்திருக்கிறது என்றால், எஞ்சும் அகலம் 43 மி.மீ.; கம்பி பெரும்பாலும் கரைந்துவிடும். அதே சிறுத்தை எழுந்து வந்து வேலியிலிருந்து அரை மீட்டரில் நின்றால், அகலம் 14 மி.மீ.க்கும் கீழே இறங்கிவிடும்; கம்பி முகத்தின் குறுக்கே பளிச்சென்று விழும். விலங்கு வேலியில் உரசிக்கொண்டு நின்றால் விடை பூச்சியம். அப்போது எந்த லென்ஸாலும் பயன் இல்லை.

விலங்கு அருகில் வந்தவுடன் எல்லோரும் கேமராவைத் தூக்குகிறார்கள். படமெடுக்க மிக மோசமான நொடி அதுவே. அது திரும்பி உள்ளே நடந்து, பாறையருகே நின்று மீண்டும் நம் பக்கம் தலையைத் திருப்பும் வரை காத்திருப்பவருக்குத்தான் வேலி இல்லாத படம் கிடைக்கிறது.

பார்வையாளர் தடுப்பைத் தாண்டி வேலியருகே போனால் நல்ல படம் கிடைக்குமே?

போகக் கூடாது. லென்ஸை வேலியோடு ஒட்டி வையுங்கள் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். நீங்கள் நடக்கும் பாதையே வேலியை ஒட்டிச் செல்லும் இடங்களில், அதுவும் மான், ஆமை போன்றவை இருக்கும் அடைப்பிடங்களில் மட்டுமே அந்த அறிவுரை பொருந்தும். கைப்பிடிக் கம்பியோ தாழ்வான தடுப்போ வைத்து உங்களைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள் என்றால், உள்ளிருக்கும் விலங்கின் கை எட்டும் தொலைவை அளந்தே அதை வைத்திருக்கிறார்கள். 2019 மார்ச் மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், செல்ஃபி எடுப்பதற்காகத் தடுப்பைத் தாண்டிய ஒரு பெண்ணின் கையை ஜாகுவார் கூண்டுக்குள்ளிருந்தே பற்றிக் கிழித்தது. குரங்குகளின் கூண்டில் ஆபத்து வேறு வகையில் வரும். லென்ஸ் மூடி, கேமராவின் தோள்வார், மூக்குக்கண்ணாடி என எது எட்டினாலும் அவை இழுத்துக்கொள்ளும். இழுத்ததைக் கடித்து விழுங்கினால், நம் ஒரு படத்திற்காக அந்த உயிர் துன்பப்பட நேரும்.

தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இரண்டடி இடமோ வலமோ நகர்ந்தால், விலங்கின் கண் கம்பிக்குப் பின்னாலிருந்து விலகி, வலைக்கண்ணின் நடுவே வந்துவிடும். முழங்காலிட்டு அமர்ந்தால் சில சமயம் கிடைமட்டக் கம்பி ஒன்று முகத்திலிருந்து முதுகுக்கு ஏறிவிடும். முகத்தின் மேல் விழும் மங்கிய பட்டை படத்தைக் கெடுத்துவிடும். முதுகின் மேல் விழும் பட்டையை யாரும் கவனிப்பதில்லை.

எஃப் 1.8 திறப்புள்ள 50 மி.மீ. லென்ஸ் போதாதா? அதன் எண் மிகச் சிறியதாயிற்றே?

எண் சிறியதுதான், ஆனால் துளையின் விட்டம் 28 மி.மீ. மட்டுமே. மேலே சொன்ன 300 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6 என்ற எளிய திறப்பிலேயே 54 மி.மீ. தருகிறது. வேலியைக் கரைப்பது எஃப் எண் அல்ல, மில்லிமீட்டரில் உள்ள அந்த விட்டம்தான். அதனால் 70-300 மி.மீ. அல்லது 55-250 மி.மீ. போன்ற சாதாரண ஜூம் லென்ஸை அதன் நீண்ட முனையில் வைத்தாலே வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். பெரிய சென்சார் கேமரா வாங்கினால்தான் வேலி மறையும் என்ற எண்ணமும் தவறு. ஒரே லென்ஸை எந்தக் கேமராவில் மாட்டினாலும் துளை மாறுவதில்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டரும் அப்படியே. குவியத் தூரம் இரட்டிக்கும்போது எஃப் எண்ணும் இரட்டிப்பதால் விட்டம் அதேதான். விலங்கு பெரிதாகத் தெரியும், ஆனால் வேலி கூடுதலாகக் கரையாது.

கேமரா விலங்கை விட்டுவிட்டுக் கம்பியையே ஃபோகஸ் செய்கிறது. என்ன செய்வது?

ஆட்டோஃபோகஸ் பொதுவாக அருகில் இருப்பதையும், தெளிவான விளிம்புள்ளதையும் முதலில் பற்றிக்கொள்ளும். கம்பிக்கு இரண்டும் உண்டு. முழுப் பரப்பையும் கேமராவின் விருப்பத்திற்கு விடாமல், மிகச் சிறிய ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து, வலைக்கண்ணின் இடைவெளி வழியாக விலங்கின் கண்மீது வையுங்கள். புதிய கேமராக்களில் உள்ள விலங்குக் கண் கண்டறியும் வசதி, வேலி நன்றாக மங்கியிருக்கும்போது வியக்கத்தக்க வகையில் உதவும். வேலி தெளிவாக இருக்கும்போது அதுவும் தடுமாறும்.

பல தொலைநோக்கு லென்ஸ்களின் உடலில், அருகிலுள்ளவற்றைத் தேடாதே என்று கட்டளையிடும் ஃபோகஸ் வரம்புப் பொத்தான் ஒன்று இருக்கும். ஆண்டுக்கணக்கில் அதைத் தொடாமலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. வேலியின் முன் நிற்கும்போது அதைப் போடுங்கள்; லென்ஸ் முன்னும் பின்னும் அலைவது உடனே குறையும். அப்படியும் பிடிவாதமாகக் கம்பியிலேயே நின்றால், மேனுவல் ஃபோகஸுக்கு மாறி, வளையத்தைக் கையால் திருப்பிக் கண்ணின் பளபளப்பு தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். படுத்திருக்கும் விலங்குக்கு இது போதும். நடக்கும் விலங்கென்றால், அது கடக்கப்போகும் கல்லிலோ கட்டையிலோ முன்னதாகவே ஃபோகஸை நிறுத்திவைத்து, விலங்கு அங்கே வரும்போது அழுத்தலாம்.

கம்பி மறைந்துவிட்டது; ஆனால் படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளிறியிருக்கிறது. ஏன்?

வெயில் பட்ட கம்பியால்தான். மங்கிப்போன கம்பி படத்தை விட்டுப் போய்விடவில்லை. தன் வெளிச்சத்தைப் படம் முழுவதும் பூசிவிட்டுப் பரவிக் கிடக்கிறது. கறுப்பு வண்ணம் பூசிய கம்பியும் நிழலில் உள்ள கம்பியும் பூசுவது சிறிதளவே. துத்தநாகப் பூச்சுள்ள வெள்ளைக் கம்பி நேர்வெயிலில் நின்றால் படத்தின் கருமை அனைத்தையும் சாம்பலாக்கிவிடும்.

கம்பிக்கு நிழல் கொடுப்பதே மருந்து. வேலியின் எந்தப் பகுதியில் மர நிழலோ கூரை நிழலோ விழுகிறது என்று முதலில் சுற்றிப் பாருங்கள். பத்தடி தள்ளி அப்படியோர் இடம் பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால், லென்ஸுக்கு முன்னால் உள்ள ஒரு சாண் வேலிப் பகுதியில் மட்டும் உங்கள் உடலின் நிழல் விழும்படி நில்லுங்கள், அல்லது உடன் வந்தவரைத் தொப்பியைப் பிடிக்கச் சொல்லுங்கள். கறுங்கரடி ஒன்றை நான் அப்படி எடுத்திருக்கிறேன். தொப்பி இல்லாத படத்தில் அதன் ரோமம் புழுதி படிந்த சாம்பலாக இருந்தது. அடுத்த நொடியில், தொப்பியின் நிழலில் எடுத்ததில், காதோரத்து மயிர் தனித்தனி இழையாகக் கருமையாக நின்றது. இடையில் கேமராவில் நான் எதையும் மாற்றவில்லை.

எஞ்சிய வெளிறலைக் கணினியில் சரிசெய்யலாம். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால், கறுப்பு அளவைச் சற்று இறக்கி, மாறுபாட்டைக் கூட்டினால் படம் மீண்டுவிடும்.

விலங்கின் உடம்பிலேயே கம்பியின் நிழல் கோடுகளாக விழுகிறதே?

இதற்கு லென்ஸில் விடை இல்லை. நிழல் விலங்கின்மேல் இருப்பதால் விலங்கோடு சேர்ந்தே துல்லியமாகப் பதியும். மேகம் மூடும் வரை காத்திருங்கள். அல்லது விலங்கு கூண்டின் நடுப்பகுதிக்கோ நிழலுக்கோ போகும் வரை பொறுங்கள். மேகமூட்டமான நாளைக் குறை சொல்பவர்கள் பூங்காவில் படமெடுத்துப் பழகாதவர்கள் என்றே நினைக்கிறேன். கம்பி பளிச்சிடாத, நிழற்கோடு விழாத, கண்ணுக்கடியில் கறுப்புப் பள்ளம் தோன்றாத அந்த மென்மையான வெளிச்சம் வேலிப் படங்களுக்குக் கிடைத்த வரம்.

முன்வேலி போய்விட்டது, பின்வேலி தெரிகிறது. அதை எப்படி நீக்குவது?

முன்வேலியைச் சொல்லுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். விலங்குக்குப் பின்னால் உள்ள வேலி மங்கும்போது அழகாக மங்குவதில்லை. ஒவ்வொரு கம்பியும் இரட்டைக் கோடாகப் பிரிந்து, விலங்கின் தலையைச் சுற்றி நடுங்குவதுபோல் தெரியும். விலங்குக்கும் பின்வேலிக்கும் நடுவே இடைவெளி கூடக்கூட அது கரையும். ஆகவே கூண்டின் குறுகிய பக்கத்திலிருந்து நீள வாக்கில் பார்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். உயர்ந்த மேடையிலிருந்து பார்த்தால் புல்லும் தரையும் பின்னணியாகிவிடும். முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்தால் பின்வேலிக்குச் சட்டத்தில் இடமே இருக்காது.

பறவைக் கூண்டின் நெருக்கமான வலை வழியாக எடுக்க முடியுமா?

முடியும், அதுவும் பலர் அஞ்சுவதை விட எளிதாக. 12 மி.மீ. இடைவெளியில் 1 மி.மீ. கம்பியால் பின்னிய வலை, மொத்தமாக ஏறத்தாழ 16 விழுக்காடு ஒளியையே மறைக்கிறது. லென்ஸ் துளைக்குள் எப்போதும் பல வலைக்கண்கள் அடங்கிவிடுவதால், பட்டையாக விழாமல் சீராகக் கரையும். வலை நிழலில் இருக்க வேண்டும், பறவை வலையிலிருந்து மூன்று நான்கு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அகன்ற கண்ணுள்ள சங்கிலி வலையில்தான், கண்ணின் நடுவே லென்ஸைப் பொருத்தும் வேலை அவசியமாகிறது.

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உள்ள விலங்கை எப்படி எடுப்பது?

கண்ணாடியில் உங்கள் எதிரி கண்ணாடி அல்ல, அதில் தெரியும் நீங்கள்தான். உங்கள் வெள்ளைச் சட்டை, பின்னால் ஓடும் குழந்தை, கூரை விளக்கு என எல்லாமே ஓராங்குட்டானின் முகத்தின்மேல் மிதக்கும். லென்ஸின் முகப்பில் மாட்டும் ரப்பர் வளையமான லென்ஸ் ஹூட் ஒன்றைக் கண்ணாடியில் மெல்லப் பதித்துவைத்தால், வெளிச்சம் புகும் வழியே அடைபட்டுப் பிரதிபலிப்பு முழுமையாக மறைந்துவிடும். ஹூட் இல்லாதபோது, கறுப்புத் துணியை லென்ஸைச் சுற்றிக் கண்ணாடியில் பிடிக்கலாம். உள்ளங்கையைக் குவித்து வைப்பதும் ஓரளவு உதவும். கண்ணாடியைத் தட்டக் கூடாது, லென்ஸை மோதவும் கூடாது. உள்ளே அந்த ஓசை நமக்குக் கேட்பதை விடப் பெரிதாக அதிரும்.

முதலில் கண்ணாடியைப் பாருங்கள். குழந்தைகள் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்த தடமும், கை ரேகையும், உட்புறத்துக் கீறலும் நிறைந்த இடத்தை விட்டு, தெளிவான ஒரு கையகலப் பகுதியைக் கண்டுபிடித்து, மென்துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். கண்ணாடிக்குச் செங்குத்தாகப் பார்ப்பது நல்லது. சாய்ந்து பார்க்கும்போது தடித்த கண்ணாடி உருவத்தைக் குழைத்துவிடும். அந்த மங்கலைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. பல அடுக்குக் கண்ணாடிகளில் இழையோடும் பச்சைச் சாயலைக் கணினியில் வெண்மைச் சமன் என்னும் நிறத் திருத்தம் மூலம் நீக்கிக்கொள்ளலாம்.

பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி பற்றிக் கேட்பவர்களுக்கு: செங்குத்தாகப் பார்க்கும்போது அதனால் பிரதிபலிப்பு குறையாது. கண்ணாடியின் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 56 பாகை சாய்ந்து பார்க்கும்போதே அது முழுத் திறனோடு வேலை செய்யும்; அந்தச் சாய்விலோ உருவம் குழைகிறது. கூடவே பாதிக்கும் மேற்பட்ட ஒளியையும் அது விழுங்கிவிடுகிறது. சிலவகை அழுத்தக் கண்ணாடிகளிலும் மீன் தொட்டிகளின் அக்ரிலிக் சுவர்களிலும் வானவில் பட்டைகளைக் கிளப்பிவிடுவதும் உண்டு. நான் அதைப் பையிலேயே வைத்திருப்பேன்.

கைப்பேசியில் எடுக்க முடியுமா?

வேலியைக் கரைக்கும் அளவுக்குக் கைப்பேசி லென்ஸின் துளை பெரிதல்ல. அது சில மில்லிமீட்டர் மட்டுமே. ஆனால் அந்தச் சிறுமையே உதவியாகவும் அமைகிறது. பெரும்பாலான வலைக்கண்களுக்குள் லென்ஸ் முழுவதும் அடங்கிவிடுவதால், தடுப்பு இல்லாத இடத்தில் கைப்பேசியைக் கம்பியில் சாய்த்துவைத்து எடுத்தால் வேலியே படத்தில் வராது. உங்கள் கைப்பேசியில் மூன்று லென்ஸ்கள் இருந்தால், எது இப்போது வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள்; திரை எப்போது இருள்கிறதோ, அந்த லென்ஸைத்தான் வலைக்கண்ணின் நடுவே வைக்க வேண்டும். அருகில் கம்பியைக் கண்டதும் சில கைப்பேசிகள் தாமாகவே மிக அருகிலுள்ளதை எடுக்கும் மேக்ரோ முறைக்குத் தாவி வேறு லென்ஸுக்கு மாறிவிடும். அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள். விலங்கின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டப்படும். பின்னணியை மென்பொருளால் மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை வேண்டாம். கம்பியை விலங்கின் உறுப்பாக எண்ணி அரைகுறையாக வெட்டிவைக்கும்.

ஃபிளாஷ்?

வேண்டாம். கம்பியிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பி வந்து படத்தைக் கெடுப்பதோடு, இருட்டறையில் வைக்கப்படும் இரவாடி விலங்குகளைத் துன்புறுத்தும். குறைந்த ஒளியிலேயே பார்க்கும்படி அமைந்த கண்கள் அவற்றுக்கு. பல பூங்காக்கள் இதை விதியாகவே எழுதிவைத்திருக்கின்றன. ஃபிளாஷை அணைத்த பின்னும், ஃபோகஸுக்காகக் கேமராவின் முகப்பில் ஒளிரும் சிறு விளக்கு தனியே எரிந்துகொண்டிருக்கலாம், அதையும் அணையுங்கள்.

ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் எவ்வளவு இருக்கலாம்?

படுத்திருக்கும் விலங்குக்கு நொடியில் 250இல் ஒரு பங்கு, நடப்பதற்கு 500இல் ஒரு பங்கு, தாவும் குரங்குக்கும் சிறகடிக்கும் பறவைக்கும் 1000இல் ஒரு பங்கோ அதற்கும் வேகமோ வேண்டும். வேலி ஒளியைக் குறைப்பதால், கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ ஏறத்தான் செய்யும், ஏறட்டும். மணல் தூவியதுபோல் சிறு புள்ளிகள் தெரியும் கூர்மையான படம், புள்ளியே இல்லாமல் குழம்பிய படத்தை விட மேலானது.

எந்த அடைப்பிடத்தில் தொடங்கலாம்? எந்த நேரம் நல்லது?

அகழி சூழ்ந்த திறந்த அடைப்பிடங்களில் தொடங்குங்கள். 1907 இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் கார்ல் ஹாகன்பெக் தம் பூங்காவைத் திறந்தபோது, கம்பிகளுக்குப் பதிலாக மறைவான அகழிகளால் விலங்குகளையும் பார்வையாளரையும் பிரித்தார். இன்று உலகெங்கும் உள்ள திறந்த அடைப்பிடங்கள் அந்த வழியில் வந்தவை. அங்கே ஒளியையும் பின்னணியையும் கவனிக்கப் பழகிக்கொண்டு, பிறகு வேலிக்கு வாருங்கள்.

கதவு திறந்த முதல் ஒரு மணி நேரமும், உணவு வேளைக்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள நேரமும் சிறந்தவை. இருபது விலங்குகளைச் சுற்றி ஓடிப் பார்ப்பதை விட, இரண்டே அடைப்பிடங்களில் தலா ஒரு மணி நேரம் நிற்பதையே நான் வற்புறுத்துவேன். அரை மணி நேரம் பார்த்தாலே விலங்கின் நடைப்பாதை புரிந்துவிடும்: எந்த மரத்தில் நகத்தைத் தீட்டுகிறது, எந்த மூலையில் திரும்புகிறது, எந்த ஓசைக்குக் காதைத் திருப்புகிறது என்பதெல்லாம். ஒரே தடத்தில் இடைவிடாமல் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கும் விலங்கைக் கண்டால், அது மன அழுத்தத்தின் அடையாளமாக இருக்கலாம். அதன் கவனத்தைத் திருப்ப முயலாமல் விலகிவிடுங்கள்.

விலங்கு என்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஓசை எழுப்பலாமா?

கூடாது. விசிலடிப்பதும், கைதட்டுவதும், தின்பண்டம் காட்டுவதும் விலங்கைத் தொல்லைப்படுத்துவதே ஆகும். கொரில்லாவுக்கும் பல குரங்கினங்களுக்கும் நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பதே மிரட்டல். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் பூங்காவில் போகிட்டோ என்ற கொரில்லா, 2007 மே 18 அன்று நீர் அகழியைத் தாண்டி வெளியே வந்து ஒரு பெண்ணைக் கடுமையாகக் காயப்படுத்தியது; அவர் அடிக்கடி வந்து அதன் கண்களையே பார்த்துச் சிரிக்கும் வழக்கம் உடையவர். அதன்பின், பக்கவாட்டில் பார்ப்பதுபோல் கண்கள் அச்சிட்ட காகிதக் கண்ணாடிகள் பார்வையாளர்களுக்குக் கொடுக்கப்பட்டன. பெரிய லென்ஸின் கரிய வட்டமும் இமைக்காத ஒரு கண்ணைப் போன்றதே. குரங்கினங்களின் முன் அதை நான் தொடர்ந்து உயர்த்திப் பிடிப்பதில்லை. இரண்டு படம் எடுத்துவிட்டு இறக்கிவிட்டு, வேறு பக்கம் பார்ப்பேன். அதன் பிறகு அவை தம் பாட்டுக்குப் பேன் பார்க்கவும் குட்டியைக் கொஞ்சவும் தொடங்கும்போது கிடைக்கும் படங்கள் முறைத்துப் பார்க்கும் படங்களை விட எவ்வளவோ மேலானவை.

மென்பொருளால் வேலியை அழித்துவிடலாமே?

காதோரத்தில் மங்கலாக எஞ்சிய ஒரு பட்டையை ஒளிர்வைத் திருத்தி மறைப்பதில் தவறில்லை. ஆனால் கண்ணின் குறுக்கே ஓடிய கம்பியை அழித்து, அங்கே மென்பொருள் கற்பனை செய்த கண்ணை ஒட்டவைத்தால், அது அந்த விலங்கின் கண் அல்ல. புலிக்குப் புலி வரிகள் வேறுபடும். வரியை இட்டு நிரப்பும் படம் இல்லாத ஒரு புலியை உருவாக்கிவிடுகிறது.

பூங்காவில் எடுத்தது என்று படத்தின் கீழே குறிப்பிட வேண்டுமா?

கட்டாயம் குறிப்பிட வேண்டும். 2009 ஆம் ஆண்டுக்கான காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில், மரப் படலைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம் முதற்பரிசு பெற்றது. லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் பிபிசியின் காட்டுயிர் இதழும் சேர்ந்து நடத்திய போட்டி அது. அந்த ஓநாய் பழக்கப்படுத்தப்பட்டதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்று நடுவர்கள் முடிவு செய்ததால், 2010 ஜனவரியில் பரிசு திரும்பப் பெறப்பட்டது. எடுத்தவர் அதை மறுத்தார். போட்டி இல்லாதபோதும், வேலி தெரியாத படத்தைக் காட்டில் எடுத்ததுபோல் பகிர்ந்தால், காட்டில் அந்த விலங்கு எளிதாகக் காணக்கூடியது என்ற தவறான எண்ணம் பரவும். விலங்கின் பெயர், பூங்காவின் பெயர், தேதி ஆகிய மூன்றும் ஒரே வரியில் அடங்கிவிடும்.

வேலியை மறைக்காமலேயே எடுப்பது தவறா?

தவறே இல்லை, சில சமயம் அதுதான் சரி. 1933 டிசம்பரில், டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரப் பூங்காவில் டேவிட் ஃபிளே என்ற இயற்கையியலாளர் கூண்டுக்குள்ளேயே சென்று, டாஸ்மேனியப் புலி என்று அழைக்கப்படும், இன்று அழிந்துபோன தைலசின் ஒன்றைப் படச்சுருளில் பதிவு செய்தார். அது அவரைக் கடித்தும்விட்டது. அந்த இனத்தில் கடைசியாக அறியப்பட்ட விலங்கு 1936 செப்டம்பர் 7 அன்று அதே பூங்காவில் இறந்தது. அந்தப் படச்சுருளில் விலங்கைச் சுற்றியுள்ள கம்பி வலை தெரிகிறது. அது எந்த நிலையில் வாழ்ந்தது என்பதை அந்த வலைதான் இன்று நமக்குச் சொல்கிறது.

ஆகவே ஒவ்வொரு முறையும் புறப்படுவதற்கு முன், வேலியோடு ஒரு படம் எடுத்துக்கொள்வேன். அப்போது இதுவரை சொன்ன எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும்: எஃப் 11 அல்லது 16, அகன்ற கோண லென்ஸ், விலங்கு வேலியருகே நிற்கும் நேரம். கம்பியைப் பற்றியிருக்கும் குரங்கின் விரல்களில் ஃபோகஸ் வைத்தால், நகத்தின் பிளவும் கம்பியின் துருவும் ஒருசேரத் தெளியும். முகம் சற்றே மங்கினாலும் பரவாயில்லை.